பதினான்கு விநாடி

மத்தியானம் ஒன்றரை மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது. எடுத்ததுமே சிரிப்புச் சத்தம்.

"உங்க அண்ணி மராத்தான் ஓடி முடிச்சுட்டாளாம். லிஸ்ட்ல பேரே இல்ல. முப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல இருந்திருக்கா, நாப்பதுல ஆளைக் காணோம், கடைசிக் கோட்டுலயும் காணோம். ஆனா மைதானத்துல மட்டும் தண்ணி பாட்டிலோட ஜம்முனு உக்காந்திருக்கா. வேன்ல ஏறி வந்துட்டா போல. பஸ் ஓட்டுறவளுக்கு வேன் ஓசியோ என்னவோ."

ஓட முடியாமல் வழியில் உட்கார்ந்துவிடுகிறவர்களை ஏற்றிக்கொண்டு வர, ஓட்டத்துக்குப் பின்னாலேயே ஒரு வேன் வரும். அதைத்தான் சொன்னான். அண்ணன் கேலி பேசுவது புதிதில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த அண்ணியிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஊரெல்லாம் சொல்லும். ஆனால் அண்ணி விஷயத்தில் எனக்கு வரும் கோபம் தனி ரகம். நாற்பத்து மூன்று வயதில், பேருந்து ஓட்டுகிற வேலைக்குப் போவதற்கு முன், தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எட்டு மாதம் பழகியவள் அவள். டிப்போவில் பேருந்துகள் கிளம்பும்வரை அதன் மதில் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குள் முடித்தவர்களின் பெயர்ப் பட்டியலில் தன் பெயர் ஒரு வரியாக வரவேண்டும். பதக்கம்கூட வேண்டாம், அந்த ஒரு வரி போதும் என்பாள்.

"அண்ணிகிட்டக் குடு" என்றேன்.

"ம்" என்றாள் அண்ணி.

"ஆறு மணி நேரத்துக்குள்ள முடிச்சீங்களா அண்ணி?"

"முடிச்சேன். கோட்டுக்கு மேல கடியாரம் இருக்குல்ல, அதுல அஞ்சு அம்பத்தொம்பதுன்னு இருந்துச்சு. செகண்டு பாக்கல."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"நடுவுல வேன்ல ஏறலையே?"

"இல்லடி" என்றாள். போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டாள்.

இதில் என் பங்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தைப் படமெடுக்கும் பொறுப்பு எங்கள் கம்பெனிக்கு. ஏழு பேர் ஏழு இடத்தில் நின்று எடுத்த இருபத்து மூவாயிரம் படங்கள் என் மேசைக்கு வந்து கிடந்தன. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பை எழுதிவைக்கும் நிரலை எழுதியவள் நான். அந்தக் கோப்பைப் படத்தின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த கேமரா, யார் எடுத்தது, எத்தனையாவது கிலோமீட்டர், எத்தனை மணி எத்தனை விநாடி, ஓடுகிறவரின் மார்பில் குத்தியிருக்கும் எண் என்ன, எல்லாம் அதற்குள் தனித்தனிப் பெட்டிகளில் உட்கார்ந்திருக்கும். பெட்டிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் அதற்காக முகம் சுளித்ததில்லை.

ஓடுகிறவர்களின் ஷூ நாடாவில் ஒரு சிப் கட்டியிருக்கும். தரையில் விரித்த பட்டையை மிதித்தால் சிப் நேரத்தைப் பதியும். சிப் பதியாதவர்கள் சாயங்காலம் நான்கு மணிக்குள் முறையிடலாம், சாட்சியாக எங்கள் படத்தையும் அதன் நேரத்தையும் காட்டலாம் என்று விதியில் இருந்தது. மணி ஒன்று நாற்பது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கை ஓட ஆரம்பித்தது.

அண்ணியின் எண் 3127. தேடினேன். கிளம்பும்போது ஒரு படம், பத்தாவது கிலோமீட்டரில் இரண்டு, இருபத்தொன்றில் ஒன்று, முப்பத்தைந்தில் வாயைத் திறந்துகொண்டு ஒன்று. அதற்குப் பின் ஒன்றுமே இல்லை. நாற்பதிலும் இல்லை, கடைசிக் கோட்டிலும் இல்லை. சிப்பும் அதையே சொன்னது, என் நிரலும் அதையே சொன்னது. அண்ணன் சொன்னதுதான் நிஜமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம் என்ன, மூன்று நான்கு நிமிடம் நினைத்தேன். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நிரலால் எண்ணைப் படிக்க முடியாத படங்களும் உண்டு. கை மறைத்திருக்கும், வேர்வையில் அட்டை சுருண்டிருக்கும். அவற்றின் கோப்பில்

<ஓடுபவர் எண்="தெரியவில்லை"/>

என்று மட்டும் இருக்கும். கடைசிக் கோட்டில், கடைசி அரை மணி நேரத்தில் அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எழுபத்தொன்பதாவது படத்தில் இருந்தாள் அண்ணி.

தன்னந்தனியாக, முன்னும் பின்னும் ஆளில்லாமல், ஒரு கால் கோட்டின் மேல் இருக்க, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஷூவையும் நாடாவால் முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தாள். காலில் ஒன்றும் இல்லை. கழுத்தில் தொங்கிய ஷூக்கள் எண் அட்டையை முழுசாக மறைத்திருந்தன. சிப் தரையிலிருந்து நான்கடி உயரத்தில், ஷூவோடு சேர்ந்து, அவள் நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த உயரத்தில் பட்டை எங்கே அதைப் படிப்பது? நாற்பதாவது கிலோமீட்டரிலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஓடியிருக்கிறாள், எங்கள் அண்ணி ஓடித்தான் வந்திருக்கிறாள். உட்கார்ந்து அந்தப் படத்தின் கோப்பைத் திறந்தேன்.

நேரம் என்ற பெட்டியில் 11:00:14 என்று இருந்தது.

ஓட்டம் கிளம்பியது சரியாகக் காலை ஐந்து மணிக்கு. பதினொன்றுக்கு வாசல் அடைபடும். பதினான்கு விநாடி தாமதம். அண்ணி பார்த்த ஐம்பத்தொன்பது, அவள் கோட்டைத் தொடுவதற்குள் மாறியிருக்க வேண்டும். எட்டு மாதம் டிப்போவைச் சுற்றியவளுக்குப் பதினான்கு விநாடியில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோப்பு வெறும் எழுத்துதான். எழுதியது என் நிரல். திறந்து ஓர் எண்ணை மாற்றி மூட எனக்கு ஐந்து விநாடி ஆகாது, ஈ காக்காய்க்குத் தெரியாது. கை ஒருதரம் விசைப்பலகைக்குப் போனது உண்மை. ஆனால் அப்படி மாற்றினால் அண்ணிக்குக் கிடைப்பது வேனில் ஏறி வந்ததற்குச் சமமான ஒரு வரி. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சும்மா உட்காரவும் முடியவில்லை. கடைசி நிமிடத்தில் வேறு யாரெல்லாம் உள்ளே வந்தார்கள் என்று முந்தின படத்தைப் பார்த்தேன். பச்சைப் பனியன் போட்ட ஒருவர், எண் 2218. படத்தின் நேரம் 10:59:52. இவர் மட்டும் எட்டு விநாடியில் தப்பித்துவிட்டாரே என்ற வயிற்றெரிச்சலில், சிப் பட்டியலில் இவருக்கு என்ன நேரம் என்று பார்த்தேன். ஐந்து மணி ஐம்பத்தொன்பது நிமிடம் இருபத்தொரு விநாடி.

அதாவது 10:59:21. என் கோப்போ 10:59:52 என்கிறது. முப்பத்தொரு விநாடி வித்தியாசம்.

பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. அதற்கு முந்தின ஆளைப் பார்த்தேன், முப்பத்தொன்று. அதற்கும் முந்தினவர், முப்பத்தொன்று. ஒரு குட்டி நிரலை எழுதி, கடைசிக் கோட்டில் எண் தெரிந்த எல்லாரையும் சிப் நேரத்தோடு ஒப்பிட்டேன். காலை 9:52 வரை வித்தியாசம் பூஜ்யம், மிஞ்சினால் ஒன்று. 9:52க்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லாருக்கும் முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. கத்தியால் வெட்டிய மாதிரி ஒரே இடத்தில் மாறியது.

அந்த இடத்தில் படமெடுத்தவனை நாங்கள் கொட்டாவி என்போம். காரணம் சொல்லத் தேவையில்லை. போன் போட்டேன்.

"நீ ஒன்பது அம்பத்திரண்டுக்கு என்ன பண்ணே?"

"என்னக்கா, தூங்கிட்டு இருந்தேன்."

"இப்ப இல்லடா. காலையில."

"காலையிலயா? ஆங், கேமரா சூடாகி மக்கர் பண்ணுச்சு. பையில இருந்த ரெண்டாவது கேமராவ எடுத்தேன். படமெல்லாம் நல்லா வந்திருக்குல்ல?"

"ரெண்டு கேமரா படத்தையும் ஒரே ஃபோல்டர்லயா போட்டே?"

"ஆமா. என் பேர்ல ஒரு ஃபோல்டர்தானே குடுத்தீங்க?"

அவனைத் திட்ட வாயெடுத்தேன். திட்டாமல் போனை வைத்தேன். தப்பு அவன் மேல் இல்லை.

எந்த கேமராவின் கடிகாரமும் துல்லியமாக ஓடாது. அதனால் காலையில் ஒவ்வொருவரும் ஓட்டத்தின் பெரிய கடிகாரத்தை ஒரு படம் எடுக்க வேண்டும். அதைப் பார்த்து, எந்த கேமராவுக்கு எத்தனை விநாடி கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்று நான் நிரலுக்குச் சொல்வேன். கொட்டாவியின் முதல் கேமரா பன்னிரண்டு விநாடி பின்தங்கியது, அதனால் பன்னிரண்டு கூட்டல். இதுவரை சரி. ஆனால் ஒவ்வொரு படத்திடமும் "நீ எந்த கேமரா?" என்று கேட்க வேண்டிய வரியை, ஃபோல்டரின் முதல் படத்திடம் மட்டும் கேட்கிற மாதிரி நான் எழுதியிருந்தேன். ஓர் ஆள், ஒரு ஃபோல்டர், ஒரு கேமரா, எதற்கு வீணாகத் திரும்பத் திரும்பக் கேட்பது என்ற கெட்டிக்காரத்தனம். மொத்தத்தில் நான்கு நிமிடம் மிச்சம் என்று போன மாதம் பீற்றிக்கொண்டதும் நான்தான். இரண்டாவது கேமராவில் அவன் கடிகாரத்தைப் படமெடுக்கவே இல்லை; சிப் நேரத்தோடு ஒப்பிட்டால் அது பத்தொன்பது விநாடி முந்தி ஓடுகிறது. குறைக்க வேண்டிய படங்களுக்கு என் நிரல் கூட்டி வைத்திருக்கிறது. பத்தொன்பதும் பன்னிரண்டும் முப்பத்தொன்று.

அந்த வரியை வெட்டி, படங்களை ஒவ்வொன்றாக எடுக்கும் இடத்துக்குள் ஒட்டினேன். இரண்டாவது கேமராவுக்குத் தனிக் கணக்குக் கொடுத்தேன். நிரலை ஓடவிட்டு, திரையில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உட்கார முடியவில்லை. ஐயாயிரம், பத்தாயிரம், இருபதாயிரம். முடிந்ததும் எழுபத்தொன்பதாவது படத்தின் கோப்பைத் திறந்தேன்.

10:59:43.

மடிக்கணினியை அப்படியே திறந்த வாக்கில் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினேன். மணி இரண்டே முக்கால். ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வழியில் மூன்று சிக்னல், மூன்றும் சிவப்பு. மூன்றிலும் நின்றேன், மூன்றையும் திட்டினேன்.

மைதானத்தில் கூட்டம் கலைந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவரின் மேசை மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணி, ஷூ மாட்டிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முடிவு தெரியாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். அண்ணன் கடலைப் பொட்டலத்தோடு நின்றான்.

நடுவர் ஓர் அம்மா. மெலிந்த உருவம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, காலையிலிருந்து நூறு பேரின் அழுகையைக் கேட்டுக் கல்லான முகம்.

"மேடம், 3127க்கு முறையீடு. இவங்க என் அண்ணி. படத்தோட நேரத்தை எழுதுற புரோகிராமும் நான் எழுதினதுதான். அதுல ஒரு தப்பு இருந்துச்சு, அரை மணி நேரத்துக்கு முன்னாடிதான் திருத்தினேன். அதனால நான் சொல்றதை நம்பாதீங்க. சோதிச்சுப் பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டு கேமரா கதையை முழுக்கக் கேட்டார். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க சிப் நேரத்தை வச்சுத்தானே அந்தப் பத்தொன்பதைக் கண்டுபிடிச்சீங்க? அப்புறம் அதே சிப் நேரத்தோட பொருந்துதுன்னு காட்டினா எப்படி? பொருந்தத்தானே செய்யும்."

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தக் கேள்வியை என் ஆபீசில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"பத்து பேரோட நம்பர் சொல்லுங்க மேடம். அவங்களை ஒதுக்கி வச்சுட்டு, மத்தவங்களை மட்டும் வச்சு புதுசாக் கணக்குப் போடுறேன். அந்தப் பத்து பேர் எத்தனை மணிக்கு வந்தாங்கன்னு படம் சொல்லட்டும். உங்க பேப்பரை எனக்குக் காட்டாதீங்க."

அவர் பத்து எண்களைச் சொன்னார். அவர்களை விலக்கிவிட்டு ஓடவிட்டேன். மறுபடியும் பத்தொன்பதுதான் வந்தது. பிறகு ஒவ்வொருவராக நான் நேரத்தை வாசிக்க, அவர் தாளில் டிக் போட்டார். முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவது ஒரு விநாடி கூட, பரவாயில்லை என்றார். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது சரி. ஏழாவதில் பேனா நின்றது.

"1904. நீங்க பத்து முப்பத்தொன்பது அம்பதுன்னு சொல்றீங்க. எங்க கணக்குல பத்து முப்பத்தெட்டு ஆறு."

நூற்று நான்கு விநாடி. அண்ணன் கடலை மெல்லுவதை நிறுத்திவிட்டான். 1904இன் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். கோட்டின் மேல்தான் நிற்கிறார், கையை விரித்துக்கொண்டு. நடுவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"கழுத்துல பாருங்க" என்றார்.

கழுத்தில் பதக்கம். மனிதர் ஓடி முடித்து, பதக்கம் வாங்கி, படம் பிடித்துக்கொள்வதற்காகத் திரும்பி வந்து கோட்டில் நின்றிருக்கிறார். இவருக்கு இன்னொரு படம் இருக்குமே என்று பின்னால் போய்த் தேடினேன். வேர்வையோடு, பதக்கமில்லாமல், 10:38:06.

"இப்படி ஒருத்தர் வருஷா வருஷம் இருக்காரு" என்றார் நடுவர். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. மிச்சம் மூன்றும் சரியாக வந்தன.

பிறகு அண்ணியின் படத்தைக் காட்டச் சொன்னார். கழுத்தில் தொங்கிய ஷூக்களைப் பார்த்ததும் அண்ணி பக்கம் திரும்பினார்.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

அண்ணி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். "செருப்பில்லாம ஓடினா ஆட்டத்துலேர்ந்து தூக்கிருவாங்கன்னு பக்கத்துல ஓடின பொண்ணு சொல்லுச்சு. பயந்துட்டேன். கோட்டைத் தாண்டினதும் ஒளிஞ்சு நின்னு மாட்டிக்கிட்டேன்."

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "சிப் ஓடுகிறவரிடம் இருக்க வேண்டும்னுதான் இருக்கு. எந்த இடத்துல இருக்கணும்னு எழுதல. செருப்பைப் பத்திப் பேச்சே இல்ல" என்றார். பேனாவைத் திறந்து, பட்டியலின் கடைசியில் எழுதினார். 3127. ஐந்து மணி, ஐம்பத்தொன்பது நிமிடம், நாற்பத்து மூன்று விநாடி. சாட்சி என்ற கட்டத்தில் என் படத்தின் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி மூன்று நாற்பது.

நான் அங்கேயே குதித்தேன். குதித்தேன் என்றால் நிஜமாகவே குதித்தேன். பந்தல் பிரிக்கிறவர்கள் கை தட்டினார்கள். அண்ணன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். "அட, ஓடித்தான் வந்திருக்கே. படமே சொல்லிருச்சு. இதுக்கு மேல நான் என்ன பேச" என்றான். கடலைப் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினான்.

அண்ணி பட்டியலைப் பார்த்தாள். தன் பெயரின் மேல் விரலை வைத்து எடுத்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை.

"பதினோரு மணியிலேர்ந்து ஒவ்வொருத்தரும் கேக்குறீங்க" என்றாள். "எந்த இடத்துல வேன்ல ஏறினே, எங்க எறங்கினே, நெசமா ஓடினியா. போன்ல நீயும் அதைத்தான் கேட்டே. ஷூ கடிச்சுக் கொப்புளம் வெடிச்சு, தார் ரோட்டுல மூணு கிலோமீட்டர் வெறுங்கால்ல வந்தேன். வெறுங்கால்னு அந்தப் படத்துலயே தெரியுது, இப்ப எல்லாரும் பாத்துட்டீங்க. பாத்துட்டு மணி எத்தனைன்னுதான் பாக்குறீங்க. கால் எப்படி இருக்குன்னு ஒருத்தர் கேட்டீங்களா?"

அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன். ஷூவைப் பார்த்தேன், மறைந்த எண்ணைப் பார்த்தேன், விநாடியைப் பார்த்தேன். கோட்டின் மேல் பதிந்திருந்த அந்தக் காலை, கோட்டைத் தொட்டதா இல்லையா என்று மட்டும்தான் பார்த்தேன்.

அண்ணன் பொட்டலத்தைக் கீழே வைத்தான். அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். ஷூ கழன்றது, சாக்ஸ் வரவில்லை. பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பாட்டிலைத் திறந்து தண்ணீரை மெல்ல ஊற்றினேன்.

"வலிக்குதா அண்ணி?" என்றேன்.

"ரொம்ப வலிக்குதுடி" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.